வேலையா, கொடுப்பனவா?
இருதுருவ மனநோயுள்ள வீட்டில் எழும் கேள்வி

"டொக்டர், இவர் இனி வேலைக்குப் போகலாமா? இல்லாட்டி வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறதா?"

மனநோய்க் கிளினிக்கில் மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு எழும்பும் வேளையில் தாயோ மனைவியோ கேட்கும் கேள்வி இது. வெளியே வாங்கில் இன்னும் நாற்பது, ஐம்பது பேர் காத்திருப்பார்கள். டொக்டரால் இரண்டு வசனத்துக்கு மேல் பதில் சொல்ல முடிவதில்லை. மிச்சத்தை வீட்டுக்கு வந்து நாங்களேதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனையும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தலையிலேயே விழுகிறது. வேளைக்கு மருந்து கொடுப்பதும் அவர்கள். கடைக் கணக்கைப் பார்ப்பதும் அவர்கள். ஊராரின் வாய்க்குப் பதில் சொல்வதும் அவர்கள். நோயாளியே ஒரு பெண்ணாக இருந்துவிட்டால் இந்தச் சுமை இரட்டிப்பாகிறது.

அன்புச் சகோதரிகளே! இந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. ஆனால், சரியான பதிலைத் தேடும் வழி ஒன்று இருக்கிறது. அதைத்தான் இங்கே உங்களுடன் பேசப் போகிறோம்.

நோயின் இரண்டு முகங்கள்

இருதுருவ மனநோயை 'பைபோலர்' என்று டொக்டர்மார் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மனம் இரண்டு எல்லைகளுக்கும் போய் வருவதால் இந்தப் பெயர் வந்தது. ஓர் எல்லை எழுச்சி நிலை. அப்போது உறக்கம் தேவைப்படாது. இரவு இரண்டு மணிக்கு அலுமாரியை ஒதுக்குவார். பேச்சு நிற்காது. நாளுக்கொரு வியாபாரத் திட்டம் பிறக்கும். கையிலுள்ள காசு கரையும், கடனும் ஏறும். "எனக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான் விளங்கவில்லை" என்பார்.

மறு எல்லை சோர்வு நிலை. படுக்கையை விட்டு எழும்புவதே மலையைப் புரட்டுவது போலிருக்கும். முகம் கழுவ மனம் வராது. பிள்ளை வந்து மடியில் ஏறினாலும் சந்தோஷம் வராது. உயிர் வாழ்வதே வீண் என்ற எண்ணமும் சிலருக்கு வரும். இந்த இரண்டுக்கும் நடுவில், சாதாரணமாக இருக்கும் காலம் மாதக் கணக்கில், சிலருக்கு வருடக் கணக்கில் நீடிக்கும்.

2019ஆம் ஆண்டில் உலகில் சுமார் 4 கோடிப் பேர் இந்த நோயுடன் வாழ்ந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆகவே இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த சோதனையல்ல. பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ இது தலைகாட்டுகிறது. படிப்பு முடிந்து, முதல் வேலை கிடைத்து, கலியாணப் பேச்சு நடக்கும் வயது அது. அதனால்தான் வேலை பற்றிய கேள்வி இந்த நோயோடு கூடவே பிறந்த கேள்வியாக இருக்கிறது.

"நல்லாத்தானே இருக்கா?"

கால் முறிந்தவரின் பிளாஸ்டரை எல்லோரும் காண்கிறார்கள். ஆறு வாரம் வேலைக்குப் போகாவிட்டாலும் எவரும் குறை சொல்வதில்லை. மனம் சோர்ந்தவரைப் பார்த்து மாமி சொல்வதோ வேறு: "கை கால் நல்லாத்தானே இருக்கு. போன மாசம் கலியாண வீட்டில எவ்வளவு சிரிச்சுப் பேசினா! இப்ப சும்மா படுத்துக் கிடக்கா. இது நோயில்ல புள்ள, சோம்பல்."

இந்தப் பேச்சுக்கு ஆராய்ச்சி ஒன்றே பதில் சொல்கிறது. கடுமையான இருதுருவ நோயுள்ள 146 பேரை அமெரிக்காவில் சராசரியாகப் பன்னிரண்டு, பதின்மூன்று வருடங்கள் வாரம் வாரமாகக் கணக்கெடுத்துத் தொடர்ந்தார்கள். அதன் முடிவு 2002ஆம் ஆண்டில் வெளியானது. ஏறத்தாழப் பாதி வாரங்களில் அவர்களுக்கு ஏதோ ஓர் அறிகுறி இருந்தது. அவற்றிலும் சோர்வில் கழிந்த வாரங்கள், எழுச்சியில் கழிந்த வாரங்களைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம்.

இதிலிருந்து இரண்டு பாடங்களைப் படிக்கலாம். முதலாவது, ஊரைக் கூட்டும் எழுச்சியை விட, சத்தமில்லாமல் வரும் சோர்வே வேலையை அதிகம் கெடுக்கிறது. மாமி சோம்பல் என்று சொல்வது நோயின் பெரும் பகுதியைத்தான். இரண்டாவது, மற்றப் பாதி வாரங்களில் அவர்களுக்கு அறிகுறி இருக்கவில்லை. ஆகவே "இனி இவரால் ஒன்றும் ஆகாது" என்று ஒரேயடியாக முடிவு கட்டுவதும் தவறு. "நேற்று முடிந்தது, இன்றைக்கு ஏன் முடியாது?" என்று கேட்பதும் தவறு. வந்து வந்து போகும் நோய் இது. அதனால்தான் முடிவெடுப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

வேலை எப்போது மருந்தாகிறது?

வேலை சம்பளத்தை மட்டும் தருவதில்லை. காலையில் ஒரே நேரத்தில் எழும்ப ஒரு காரணம், குளித்து உடுத்திக்கொள்ள ஒரு காரணம், நாலு பேரோடு கதைக்க ஓர் இடம், "நானும் ஒரு ஆள்" என்ற நினைப்பு, எல்லாவற்றையும் அது தருகிறது. இருதுருவ நோயில் உறக்கமும் உணவும் நேரந்தவறாமல் நடப்பது மிக முக்கியம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் எலன் பிராங்க் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதையே அடிப்படையாக வைத்து ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார்கள். எழும்பும் நேரம், சாப்பிடும் நேரம், மற்றவர்களைச் சந்திக்கும் நேரம், படுக்கும் நேரம் ஆகியவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவந்தால் மனமும் ஓர் ஒழுங்குக்கு வருகிறது என்பதே அதன் சாரம். நேரம் ஒழுங்கான ஒரு வேலை இந்தச் சிகிச்சையின் பாதியைத் தானாகவே செய்துவிடும்.

பெரிய வேலையில் இருப்பவர்களுக்கும் இந்த நோய் உண்டு. கே ரெட்பீல்ட் ஜேமிசன் என்ற அம்மையார் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பீடத்தில் பேராசிரியை. இருதுருவ நோய் பற்றி உலகம் மதிக்கும் நூல்களை எழுதியவர். அதே நோய் தமக்கும் இருப்பதை 1995ஆம் ஆண்டில் ஒரு நூலில் பகிரங்கமாக எழுதினார். லித்தியம் மருந்தை ஆரம்பத்தில் தட்டிக் கழித்ததையும், அதனால் உயிரையே இழக்கும் நிலைக்குப் போய் மீண்டதையும் அவர் மறைக்கவில்லை. மருந்தைப் பற்றிப் பிடித்த பிறகே அவருடைய வேலையும் நிலைத்தது.

எப்போது நஞ்சாகிறது?

எல்லா வேலையும் மருந்தல்ல. இரவுக் கடமை, ஒரு கிழமை பகல் மறு கிழமை இரவு என்று மாறும் முறை, நாளுக்கு இத்தனை என்று இலக்கு வைத்து விரட்டும் தொழிற்சாலை, ஓவர்டைமுக்காக உறக்கத்தை விற்கும் வேலை, இவையெல்லாம் இந்த நோய்க்கு ஆகாதவை. இரண்டு மூன்று இரவுகள் உறக்கம் கெட்டாலே சிலருக்கு எழுச்சி நிலை தொடங்கிவிடும்.

மத்திய கிழக்கு நாடுகளுக்குப் போகும் எண்ணம் வந்தால் நன்றாக யோசியுங்கள். வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகும் சகோதரிக்கு அங்கே உறக்கத்துக்கு உத்தரவாதம் இல்லை. மாதக் கிளினிக்கும் இல்லை. மருந்து முடிந்தால் யாரிடம் கேட்பது? பாஷையும் சரியாகத் தெரியாத இடத்தில் நோய் திரும்பினால் யார் அடையாளம் காண்பார்? குடும்பக் கடனை அடைக்கப் போய், அதைவிடப் பெரிய துன்பத்தோடு திரும்பும் ஆபத்து இதில் இருக்கிறது.

எங்கள் நாட்டில் என்ன கிடைக்கிறது?

இனிப் பணக் கணக்குக்கு வருவோம். இலங்கையில் மாற்றுத்திறனாளிகளுக்கு மாதாந்தக் கொடுப்பனவு ஒன்று உண்டு. 2023ஆம் ஆண்டில் தொடங்கிய அஸ்வெசும திட்டத்தோடு அது இணைந்தது. 7,500 ரூபாவாக இருந்த இந்தத் தொகை 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின் மூலம் 10,000 ரூபாவாகக் கூட்டப்பட்டது. நோய் மட்டுமன்றிக் குடும்பத்தின் நிலைமையும் பார்க்கப்படுகிறது.

மறுபக்கத்தில், தனியார் துறையில் மாதம் ஒன்றுக்கான தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொடுப்பனவு ஒரு குடும்பத்தைத் தாங்கும் தொகையல்ல. அரிசிக்கும் பால்மாவுக்கும் ஒரு கை கொடுக்கும், அவ்வளவுதான். ஆகவே எங்கள் நாட்டில் உண்மையான கேள்வி "சம்பளமா, கொடுப்பனவா?" என்பதல்ல. "இவரால் எவ்வளவு வேலை செய்ய முடியும்? மிச்சக் குறையை எதைக் கொண்டு நிரப்புவது?" என்பதுதான்.

வேலையிலுள்ளவருக்கு இன்னொரு நெருக்கடி லீவு. கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும், 7 நாள் அமைய அல்லது சுகவீன லீவும் உண்டு. ஒரு சோர்வுக் காலமோ பல வாரங்கள், மாதங்கள் கூட நீடிக்கலாம். 21 நாள் எந்த மூலைக்குப் போதும்? முதலாளியின் நல்ல மனசுதான் மிச்ச நாட்களைத் தீர்மானிக்கிறது.

அடுத்தது ஈ.பி.எஃப். ஊழியரின் சம்பளத்தில் 8 வீதமும், முதலாளியின் பங்காக 12 வீதமும் அதில் சேர்கின்றன. ஈ.டி.எஃப். நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்டுகிறார். நிரந்தரமாக, முற்றாக வேலை செய்ய முடியாதவர் என்று வைத்தியர் உறுதிப்படுத்தினால் ஓய்வு வயதுக்கு முன்பே ஈ.பி.எஃப். பணத்தைப் பெற வழி உண்டு. ஆனால் அவசரப்பட வேண்டாம். இருபத்தெட்டு வயதில், ஒரு கடும் சோர்வின் நடுவில், "இனி ஒருபோதும் வேலை செய்ய மாட்டேன்" என்று எழுதிக் கொடுப்பது பெரிய காரியம். ஆறு மாதத்தில் மருந்து வேலை செய்து அவர் எழும்பிவிடலாம். கிழவயதுக்கு வைத்த பணமோ அதற்குள் கரைந்திருக்கும். அரசாங்க உத்தியோகத்திலுள்ளவர் இராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு முன், சுகவீன லீவு பற்றியும் மருத்துவ சபை மூலம் ஓய்வு பெறும் வழி பற்றியும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். எழுச்சி நிலையில் எழுதும் இராஜினாமாக் கடிதம் ஒன்று பதினைந்து வருடச் சேவையை ஒரு நிமிடத்தில் அழித்துவிடும்.

அங்கே எப்படிச் செய்கிறார்கள்?

அமெரிக்காவில் 1956ஆம் ஆண்டிலிருந்து அரசாங்க இயலாமைக் காப்புறுதி ஒன்று இருக்கிறது. உழைத்த காலத்தில் கட்டிய வரியைக் கொண்டு, நோயால் வேலை செய்ய முடியாதபோது மாதாமாதம் பணம் தருகிறார்கள். இருதுருவ நோயும் அந்தப் பட்டியலில் பெயரோடு இருக்கிறது. ஆனால் நோயின் பெயர் மட்டும் போதாது. விஷயங்களை விளங்கி நினைவில் வைத்தல், மற்றவர்களோடு பழகுதல், கவனத்தோடு வேலையைத் தொடர்தல், மாற்றங்களைச் சமாளித்துத் தன்னைப் பார்த்துக்கொள்ளல் என்ற நாலு விடயங்களில் எவ்வளவு பாதிப்பு என்று பார்க்கிறார்கள்.

எங்களுக்குப் பாடமாக அமைவது அதில் வரும் 'பரீட்சார்த்த வேலைக் காலம்'. கொடுப்பனவு எடுப்பவர் வேலைக்குப் போய்ப் பார்க்க விரும்பினால் 9 மாதங்கள் போய்ப் பார்க்கலாம். எவ்வளவு உழைத்தாலும் அந்த மாதங்களில் கொடுப்பனவு நிற்காது. அதன் பின் 36 மாதங்களுக்கு, உழைப்பு ஒரு எல்லைக்குக் கீழே விழும் மாதங்களில் பணம் திரும்பவும் கிடைக்கும். 2025ஆம் ஆண்டில் அந்த எல்லை மாதம் 1,620 டொலர். பிறகு அடியோடு நின்றாலும், ஐந்து வருடங்களுக்குள் நோய் திரும்பி வேலை செய்ய முடியாமல் போனால் முழு விண்ணப்பத்தையும் புதிதாகத் தொடங்காமலே மீளக் கேட்கலாம். விழுந்தால் தாங்க ஒரு வலை இருக்கிறது என்று தெரிந்தால்தான் மனிதன் ஏணியில் கால் வைப்பான் என்பதை அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இங்கிலாந்தில் 2013ஆம் ஆண்டில் 'பிப்' என்ற கொடுப்பனவு தொடங்கியது. வேலைக்குப் போகிறாரா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. அன்றாட வாழ்க்கையில் எவ்வளவு கஷ்டம் என்பதையே பார்க்கிறது. ஆகவே வேலையும் கொடுப்பனவும் ஒன்றுக்கொன்று பகையாக இருக்கத் தேவையில்லை.

இன்னொரு விடயம். கடும் மனநோயுள்ளவரை முதலில் வருடக் கணக்கில் 'பயிற்சி' கொடுத்துத் தயார் செய்து, பிறகு வேலைக்கு அனுப்புவதே பழைய முறை. 1990களில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ரொபேட் டிரேக், டெபோரா பெக்கர் என்ற இருவர் அதைத் தலைகீழாக மாற்றினார்கள். நோயாளி விரும்பினால் உடனேயே சாதாரண வேலை ஒன்றைத் தேடிக் கொடுத்து, வேலையில் சேர்ந்த பின் பக்கத்தில் நின்று உதவுவது அவர்களுடைய முறை. பல நாடுகளில் பரீட்சித்தபோது, பழைய முறையை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு பேர் இதன் மூலம் வேலை பெற்றார்கள். விருப்பமும் பக்கத்துணையும் இருந்தால் பலரால் முடியும் என்பதற்கு இது சாட்சி.

உட்கார்ந்து யோசிக்க ஐந்து கேள்விகள்

நோயாளி தெளிவாக இருக்கும் ஒரு நாளில், கணவன், மனைவி, வாப்பா, உம்மா என்று நெருங்கியவர்கள் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். எழுச்சியின் உச்சத்திலும் சோர்வின் ஆழத்திலும் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

1. கடந்த இரண்டு வருடங்களில் எத்தனை மாதங்கள் நன்றாக இருந்தார்? ஞாபகத்தை நம்பாமல் கிளினிக் கொப்பியையும் கலண்டரையும் எடுத்துப் பாருங்கள். பயத்தில் கெட்ட மாதங்களைக் கூட்டியும், ஆசையில் குறைத்தும் சொல்வது மனித இயல்பு.

2. முன்பு வேலையை விட்டது எதனால்? நோயாலா, அல்லது அந்த வேலையின் நேரத்தாலும் நெருக்கடியாலுமா? தையல் தொழிற்சாலையில் முடியாதவர் பக்கத்துப் பாடசாலையில் முடிக்கலாம். முழுநாள் முடியாதவர் அரைநாள் முடிக்கலாம்.

3. மருந்து ஒழுங்காகப் போகிறதா? மருந்து நிலைப்படாத நிலையில் புது வேலை தொடங்குவது, அத்திவாரம் காயமுன் சுவர் எழுப்புவது போன்றது.

4. வேலைக்குப் போய் வந்த பிறகு மிஞ்சுவது என்ன? சம்பளத்தில் பஸ் காசு போக, பிள்ளை பார்ப்பவருக்குக் கொடுப்பது போக எவ்வளவு மிச்சம்? உடம்பில் எவ்வளவு தெம்பு மிச்சம்? வேலையில் முழுச் சக்தியையும் செலவழித்து, வீட்டில் ஆறு மணிக்கே சுருண்டு விழுவதானால் அந்தக் கணக்குச் சரிவராது.

5. அவர் என்ன விரும்புகிறார்? இந்தக் கேள்வியைத்தான் பல வீடுகளில் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

பதில்கள் இரண்டுங்கெட்டானாக வந்தால் பயப்பட வேண்டாம். அமெரிக்கர் சட்டமாக வைத்ததை நீங்கள் வீட்டுக்குள் ஓர் உடன்பாடாக வைக்கலாம். ஒன்பது மாதம் போய்ப் பார்ப்போம். அதுவரை நானாவோ சாச்சாவோ செய்யும் உதவியை நிறுத்த வேண்டாம். முடியாவிட்டால் நிற்கலாம், யாரும் "நாங்கள் அப்பவே சொன்னோமே" என்று சொல்லக் கூடாது. இந்த ஒரு வாக்குறுதியே பலருக்கு வேலைக்குப் போகும் தைரியத்தைக் கொடுக்கும்.

முதலாளியிடம் சொல்வதா, மறைப்பதா?

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் உளக் குறைபாட்டையும் உள்ளடக்குகிறது. அந்தக் காரணத்தால் மட்டும் வேலைக்குச் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016ஆம் ஆண்டில் ஏற்று உறுதிப்படுத்தியது. சட்டம் நல்லது. ஆனால் சின்னக் கடையிலும் கந்தோரிலும் சட்டத்துக்கு முன் ஆட்களின் வாய்தான் ஓடி வருகிறது என்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

ஆகவே எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. நம்பிக்கையான மேலதிகாரி ஒருவரிடம் தேவையான அளவு சொன்னால் போதும். "எனக்குத் தொடர்ந்து மருந்து எடுக்கும் சுகவீனம் ஒன்று உண்டு. மாதத்தில் ஒரு நாள் கிளினிக் போக வேண்டும். இரவுக் கடமை செய்ய டொக்டர் வேண்டாமென்கிறார்" என்று, என்ன வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். நோயின் பெயரைச் சொல்வதா என்பது நோயாளியின் முடிவு. அவருக்குத் தெரியாமல் குடும்பத்தவர் போய்ச் சொல்வது நம்பிக்கைத் துரோகம்.

கொடுப்பனவு கேட்பதானால்

"கையேந்துகிறோமே" என்று வெட்கப்படுவோர் இருக்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பால்மா வாங்கும்போதும் நாங்கள் எல்லோரும் கட்டுகிற வரியிலிருந்து வருவதுதான் அரசாங்கக் கொடுப்பனவு. ஸகாத்தும் தகுதியுள்ளவரின் உரிமை. கொடுப்பவரின் தயவல்ல என்பது நீங்கள் அறிந்த விடயம். உழைக்க முடியாத ஒருவர் உரிமையைப் பெறுவது வேறு, உழைக்க முடிந்தவர் பொய் சொல்லி வாங்குவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி நோயாளியைக் குத்த வேண்டாம்.

முதலில் கிராம உத்தியோகத்தரையும், பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். கிளினிக் கொப்பி, வார்டில் இருந்து வெளியேறியபோது தந்த நோய் விபரத் துண்டு, அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, பிரதியும் எடுத்து வையுங்கள். கேள்வி கேட்கும்போது பல நோயாளிகள் மானத்துக்காக "இப்ப பரவாயில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். அன்றைக்கு நல்ல உடுப்போடு நன்றாகப் பேசுவதைக் கண்ட உத்தியோகத்தர் என்ன நினைப்பார்? நல்ல நாளை மட்டும் சொல்லாமல், கெட்ட மாதத்தில் என்ன நடக்கிறது என்பதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். "மூன்று கிழமை குளிக்கவில்லை, சமைக்கவில்லை, பிள்ளைகளைத் தங்கச்சி பார்த்தா" என்பது, "மனசு சரியில்லை" என்பதை விட அதிகம் விளங்கும். கூட ஒருவர் போவது நல்லது.

பெண்கள் கவனிக்க வேண்டியவை

லித்தியம் பழைய மருந்து. 1949ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய வைத்தியர் ஜோன் கேட் அதன் பயனை எடுத்துக் காட்டினார். நல்ல மருந்து, ஆனால் இரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகத்தையும், தைரொயிட்டையும் தவணைக்குத் தவணை பரிசோதிக்க வேண்டும். உடம்பில் தண்ணீர் குறைந்தால் மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும். கை கடுமையாக நடுங்குதல், வாந்தி, வயிற்றோட்டம், நடை தள்ளாடுதல், நாக்குக் குழறுதல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஐபுபுரொபன் போன்ற நோவு மாத்திரைகளை டொக்டரைக் கேளாமல் விழுங்கக் கூடாது.

ஆகவே நோன்பு வருமுன்பே கிளினிக்கில் பேசிக்கொள்ளுங்கள். பகலில் நீரில்லாமல் இருப்பதும், ஸஹருக்கு எழும்புவதால் உறக்கம் உடைவதும் சிலருக்கு நோயைத் திருப்பிவிடும். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை வீட்டார் மறுக்கக் கூடாது. "எல்லாரும் பிடிக்கிறாங்க, நீயும் பிடியேன்" என்று ஒரு சொல் சொன்னாலும் அது மருந்தை நிறுத்த வைக்கும்.

பிள்ளை பெறும் வயதிலுள்ளவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். வல்புரோயேற் என்ற மருந்து வயிற்றிலுள்ள சிசுவைக் கடுமையாகப் பாதிக்கக் கூடியது. கலியாணத்துக்கு முன்பே, கருத்தரிக்கத் திட்டமிடும் முன்பே டொக்டரிடம் சொல்லி மாற்று வழி கேளுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தவும் வேண்டாம். பிள்ளை பிறந்த பின் வரும் வாரங்களில் நோய் திரும்பும் ஆபத்து அதிகம். அந்த நாட்களில் தாய்க்கு இரவில் உறக்கம் கிடைக்க உம்மாவும் ராத்தாவும் முறை வைத்துப் பிள்ளையைப் பார்த்தால் அதுவே பெரிய வைத்தியம். வேலைக்குத் திரும்பும் திகதியையும் இதை மனதில் வைத்தே தீர்மானியுங்கள்.

வீட்டுக்கு ஒரு சொல்

வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும் சில ஒழுங்குகளை வீட்டில் வையுங்கள். நோயாளி தெளிவாக இருக்கும்போதே அவருடைய சம்மதத்தோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த அறிகுறி கண்டால் டொக்டரிடம் போவது, பெரிய செலவுக்கும் காணி, நகை விற்பதற்கும் யாரைக் கேட்பது, எத்தனை இரவு உறக்கம் கெட்டால் லீவு போடுவது. அவர் கையெழுத்து வைத்த தாள் என்பதால் பிறகு கட்டளை போலத் தோன்றாது. வேலை இல்லாத காலத்திலும் எழும்பும் நேரமும், கடைக்குப் போய் வருதல், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தல் போன்ற ஒரு பொறுப்பும் இருக்கட்டும். கொடுப்பனவு எடுப்பவர் என்றால் மூலையில் இருப்பவர் என்று அர்த்தமில்லை.

"நான் இருந்து என்ன பயன்? உங்களுக்குப் பாரம்தானே" என்ற பேச்சு வந்தால் அதைச் சும்மா பேச்சு என்று விட்டுவிட வேண்டாம். வேலை போன காலத்தில் இந்த எண்ணம் கூடும். அவரைத் தனியே விடாமல், மருந்துகளைப் பத்திரப்படுத்தி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

கடைசியாக ஒன்று. இன்றைக்கு எடுக்கும் முடிவு ஆயுளுக்குமானது என்று எண்ணி நடுங்க வேண்டாம். இந்த வருடம் வீட்டிலிருந்து கொடுப்பனவு எடுப்பவர் அடுத்த வருடம் அரைநாள் வேலைக்குப் போகலாம். பத்து வருடம் உழைத்தவர் ஒரு வருடம் ஓய்வு எடுக்கலாம். வருடத்துக்கு ஒரு தடவை, அவர் தெளிவாக இருக்கும் ஒரு நாளில், அந்த ஐந்து கேள்விகளையும் திரும்பக் கேளுங்கள். கேட்கும்போது ஐந்தாவதை முதலில் கேளுங்கள்.